பூலம்மாள் கழுவிய தரை

பூலம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, சுற்றிய பீடியைக் கொடுக்க நிற்கும் பீடிக்கடை வரிசையில். என் அம்மாவின் கடைசித் தங்கச்சி மாடத்தி சித்தி எனக்கு முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மூத்தவன் தளவாய்க்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்த சமயம்.

“கடையத்துல ஒரு பிள்ள இருக்குட்டி. பேரு பூலம்மா. நெறம் கொஞ்சம் மட்டுதான். ஆனா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துதாளாம்.”

“ஆயிரம் சுத்துதவளுக்கு உன் மவன் எதுக்கு சித்தி? அவன் ஒரு நாளைக்கு ஒரு சோலி ஒழுங்காப் பாக்க மாட்டானே.”

“அதுக்குத்தாம்ட்டி ஆயிரம் சுத்துதவளாப் பாக்கேன்” என்றாள் சித்தி. வரிசையே சிரித்தது.

எங்கள் ஆலங்குளம் பக்கம் பெண் கேட்டுப் போனால் நகையை விசாரிக்கும் முன் பீடிக் கம்பெனி பாஸ்புத்தகம் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். பூலம்மாளிடம் இருந்தது. ஒரு பெட்டி, ஒரு கத்திரி, அந்தப் புத்தகம், இவற்றோடு வந்து எங்கள் எதிர்வீட்டில் இறங்கினாள். தளவாய் எனக்குச் சித்தி மகன், தம்பி முறை. அவனுக்கு இளையவன் முப்பிடாதி. ஆக இவள் எனக்குத் தம்பி பெண்டாட்டி. என்னை மைனி என்பாள். இரண்டாம் வருஷம் ஒரு பெண் பிள்ளை பிறந்தது, தங்கபுஷ்பம். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது சித்தி கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு தளவாயை அதட்ட ஆளில்லை.

குடிப்பான். அடிப்பான். வீட்டுக்கு வீடு நடப்பதுதான், நானும் பட்டவள்தான். ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். நனைக்க வைத்திருந்த பீடி இலையைக் கட்டோடு தூக்கிக்கொண்டுபோய் விற்றுக் குடித்துவிட்டான். கம்பெனி கொடுத்த இலை. பீடியாகத் திரும்பிப் போகாவிட்டால் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அன்றைக்கு அவள் தெருவில் நின்று கத்தினாள்.

“நீ செத்தாத்தாம்ல எனக்கு விடியும். சாவு. எங்கேயாவது விழுந்து சாவு.”

தெரு முழுக்கக் கேட்டது. “விடிஞ்சா அவனுக்கு இட்லி அவிச்சு வைப்பா பாரு” என்று எங்கள் வீட்டுக்காரர்கூடச் சொல்லிச் சிரித்தார். விடிந்ததும் அவள் இட்லிதான் அவித்தாள். பக்கத்து வீட்டில் கடனாக இலை வாங்கி நனைத்ததை உதறி, அடுக்களைத் தரையில் ஈரத்தோடு பரப்பிப் போட்டுவிட்டு, முந்தைய நாள் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போனாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. அதற்கு அப்போது ஆறு வயது.

கடையிலிருந்து வந்தவள் போட்ட சத்தத்தில்தான் நான் ஓடினேன். அடுக்களையில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் தளவாய் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். காலையிலேயே குடித்திருந்தான், அந்த வாடை அவனைவிட்டு இன்னும் போகவில்லை. உயிர் போயிருந்தது. குழவி ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. இலைகள் கலைந்து கிடந்தன.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். எட்டிப் பார்த்தார். “குடிச்சிட்டு விழுந்திருக்கான்” என்றார். வேன் வந்து உடம்பைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது. ஏட்டு, சாயங்காலம் வந்து இடத்தைப் பார்ப்பதாக முப்பிடாதியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். முப்பிடாதியும் அந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டான். எங்களுக்கு எதுவும் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். உடம்பு படி தாண்டிவிட்டது. அறுத்த உடம்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள், நேரே சுடுகாட்டுக்குத்தான். படி தாண்டினால் வீட்டைக் கழுவ வேண்டும். கழுவாத வீட்டில் விளக்குக்கூட ஏற்ற மாட்டோம். பூலம்மாள் சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

“எந்திட்டி. வீட்டக் களுவணும்” என்றேன்.

“என்னால முடியல மைனி.”

“ஒன் வீட்டுக்கு நீதான மொதத் தண்ணி ஊத்தணும். ஒரு கொடம் ஊத்து. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்.”

எழுந்து ஒரு குடம் ஊற்றினாள். மற்ற ஐந்து குடமும் நானும் இரண்டு பெண்களும்தான். ஆட்டுரல், குழவி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினோம். தரையில் கிடந்த இலையை நான்தான் வாரினேன். அதில் ஒரு கற்றை நசுங்கி, தரையோடு தேய்ந்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதன்மேல், குடித்தால் கழற்றாமலே உள்ளே வரும் அவன் செருப்பின் அடித்தடம், கட்டம் கட்டமாக, அச்சுக் குத்தினது போலத் தெரிந்தது. ஓ, இதில்தான் வழுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அதையும் சேர்த்து வாருகால் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் காகிதம் வேறு மாதிரி வந்தது. தலையில் இரண்டு காயம். பின்மண்டையில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று. விழுந்தவனுக்கு எப்படி இரண்டு காயம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இடத்தைப் பார்க்க வந்தார். இடம் பளிச்சென்று இருந்தது.

“களுவுனது யாரு?”

கூட்டமாக நின்றோம். முப்பிடாதி என் பக்கத்தில்தான் நின்றான், கண் சிவந்து, அண்ணனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த வேட்டியோடு. “யக்கா, அவ சாவுன்னு சத்தம் போட்டத நீயும் கேட்டேல்லா?” என்று என்னைக் கேட்டான். நான் தலையாட்டினேன். கழுவச் சொன்னது நான்தான் என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்னையும் வண்டியில் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். பூலம்மாள்தான் சொன்னாள்.

“நாந்தான்யா மொதத் தண்ணி ஊத்துனேன்.”

என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்புத் தடத்தையும் சொல்லவில்லை. குழவியால் அடித்துக் கொன்றாள், ரத்தத்தைக் கழுவித் தடயத்தை அழித்தாள் என்று எழுதி அவளைக் கொண்டுபோனார்கள். நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். முப்பிடாதி அந்த வாசலில் மிதிக்கவில்லை. அவனைக் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு அண்ணன் செத்திருந்தான்.

வழக்கு மூன்று வருஷம் நடந்தது. திருநெல்வேலி வக்கீல் கோயில்பிள்ளை அவளுக்காக நின்றார். கடைக்குப் போன கணக்கைக் காட்டப் பாஸ்புத்தகத்தைக் கேட்டார். அதில் தேதி இருந்தது. எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள் என்று யார் எழுதுகிறார்கள்? புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வீட்டக் களுவுனதுதான் ஒங்களக் கவுத்துப்புடும் போலுக்கு. ஏம்மா களுவுனிய?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். கழுவச் சொன்னது, இலையில் கிடந்த செருப்புத் தடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத மூணு வருசமா எங்கம்மா வச்சிருந்திய, இலைக்கட்டுக்குள்ளயா?”

என்னைக் கூண்டில் ஏற்றினார். விசாரித்த ஜட்ஜ் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும். சர்க்கார் வக்கீல் கேட்டு முடித்த பிறகு அந்த அம்மாவே கேட்டார்கள்.

“இறந்தவர் உங்களுக்கு என்ன முறை?”

“தம்பிம்மா. என் சித்தி மவன்.”

“உடம்பை வெளிய எடுத்த உடனே கழுவணுமா? நாலு மணி நேரம் பொறுத்தா ஆகாதா?”

“களுவாத வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம்மா. பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வருமே, அதுக்குப் பசிக்குமே.”

“இதைப் போலீசுகிட்ட ஏன் சொல்லலை?”

“பயம்.”

“இப்ப பயமில்லையா?”

“இப்பவும் இருக்கு. அன்னைக்கி அவ என்னக் காட்டிக் குடுக்கல.”

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு எழுதச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி டாக்டரும், விழும்போது ஆட்டுரலில் ஒரு அடியும் கிடந்த குழவியில் ஒரு அடியும் பட்டிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து விடுதலை என்று தீர்ப்பு. பஸ்ஸில் வரும்போது பூலம்மாள் என் தோளில் தூங்கினாள். பிள்ளைக்கு ஒன்பது வயது.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். அடுத்த வருஷம் ஒரு போலீஸ்காரர் காகிதம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார். கோயில்பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

“சர்க்கார் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போயிருக்கு. கெடக்கும், வருசக்கணக்காக் கெடக்கும். நீங்க போயிப் பீடி சுத்துங்க.”

சுற்றினாள். ஏழு வருஷம் சுற்றினாள். பிள்ளையைப் படிக்க வைத்தாள். தெருவில் துஷ்டி விழுந்தால் போவாள், அழுவாள். உடம்பை எடுத்ததும் மற்றவர்கள் குடத்தைத் தூக்குவார்கள், இவள் வாசலுக்கு வெளியே வந்து நின்றுகொள்வாள். “ஏ பூலம்மா, வெளக்கமாத்தையாவது எடுட்டி” என்று ஒரு கிழவி தெரியாமல் சொல்லிவிட்டாள். “ஒனக்குக் களுவும்போது வாரேன் பெரியம்ம” என்றாள் இவள். சாவு வீட்டிலேயே எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பிள்ளை பத்தாவது முடித்திருந்தபோது மதுரை ஐகோர்ட்டில் தீர்ப்பு வந்தது. விடுதலை செல்லாது. ஆயுள் தண்டனை.

அங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் கூண்டில் சொன்னது காகிதமாகப் போயிருந்தது. கோயில்பிள்ளை எங்களை உட்காரவைத்து வாசித்துச் சொன்னார். புருஷன் செத்த சோகத்தில் இருப்பவள் உடனே எழுந்து தரையைக் கழுவுவது இயல்பாக இல்லை. இந்தச் சாட்சி போலீசிடம் சொல்லாமல் மூன்று வருஷம் கழித்துச் சொன்னது, பின்னால் யோசித்துச் சேர்த்தது.

“பின்னால யோசிச்சேன்தான் சார்” என்றேன். “யோசிச்சு முடிக்க மூணு வருசமாச்சு. பொய் சொல்லல.”

“தெரியும்மா. இது நிக்காது. டில்லிக்குப் போவோம்.”

“அங்கயும் இதே காயிதந்தான போகும்?”

“இதே காயிதந்தான். ஆனா ஒரு கட்டுத்திட்டம் இருக்கு, அத மதுரக் கோர்ட்டுல மீறிருக்காக. பாருங்க, விசாரிச்ச ஜட்ஜு ஆளப் பாத்து, மொகத்தப் பாத்து, விட்டாச்சு. மேல உள்ளவுக அந்தக் காயிதத்தப் படிக்கலாம், பூராவும் படிக்கலாம். படிச்சுட்டு, எனக்கு வேற மாதிரித் தோணுதுன்னு மட்டும் சொல்லி மாத்தக் கூடாது. ரெண்டு விதமாவும் பாக்கலாம்னா விட்டவள விட்டபடிக்கு விடணும். கீழ சொன்னது ஒருத்தனும் சொல்ல முடியாத கோணல்னாத்தான் கை வைக்கணும்.”

“அதச் சொல்ல எம்புட்டு நாளாவும் சார்?” என்றாள் பூலம்மாள்.

அவர் காகிதங்களை அடுக்கிக் கட்டினார்.

சரணடையப் போகும் நாள் காலையிலும் அவள் தட்டை மடியில் வைத்து ஒரு கட்டு சுற்றி முடித்தாள். கத்திரியைத் துடைத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். அப்போதுதான் புஷ்பம் கேட்டாள்.

“யம்மா, நீ பண்ணலன்னா பெரிய கோர்ட்டுல ரெண்டு ஜட்ஜு ஏன் அப்பிடிச் சொல்லணும்?”

பூலம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். “மொதல்ல ஒரு ஜட்ஜு பண்ணலன்னு சொன்னாகல்லா?”

“அவுக ஒராள். இவுக ரெண்டாள்.”

வேலி முள் குத்தினது போல அந்தக் கேள்வியோடுதான் பூலம்மாள் வண்டி ஏறினாள்.

பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பிடாதி வந்து வாசலில் நின்றான்.

“எங்கண்ணன் ரெத்தம் யக்கா அது. அவன் செத்த வீட்டுக்கு எதுத்தாப்புல வளர வேண்டாம். நீ அவளுக்குச் சாட்சி சொன்னவ. ஒனக்கு நான் பிள்ளையத் தர மாட்டேன்.”

கூட்டிப் போய்விட்டான். நன்றாகத்தான் வளர்த்தான். அவன் பிள்ளைகளுக்கு வாங்கும்போது இவளுக்கும் துணி வாங்கினான். அம்மா கொன்றாள் என்பதையும் சோற்றோடு பிசைந்து ஊட்டினான். அவன் அதை நம்பினான், அதனால் ஊட்டினான்.

திருச்சி ஜெயிலுக்கு நான் நாலு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

“ஒங்க சித்தி வச்ச கொழம்புக்கு இது தேவல மைனி” என்றாள். சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள், “புஷ்பம் வல்லியா?”

இரண்டாம் தடவையும் அதே கேள்விதான். முதலில் பரீட்சை என்றேன். அப்புறம் காய்ச்சல் என்றேன். மூன்றாம் தடவை அவளே, “சரி, கேக்கல மைனி” என்று சொல்லிவிட்டாள். நாலாவது தடவை நானே சொன்னேன். “பிள்ளையப் பாவூர்சத்திரத்துல கட்டிக் குடுத்திருக்கான் முப்பிடாதி. மாப்பிள்ள மரக்கடையில வேல பாக்கான். குடிக்க மாட்டானாம்.” கம்பியைப் பிடித்துக்கொண்டு, “குடிக்க மாட்டானா?” என்று இரண்டு தடவை கேட்டாள். போதும் என்று தலையாட்டினாள். நேரம் முடிவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

டில்லிக் கோர்ட்டில் சர்க்கார் கொடுத்த இலவச வக்கீல் நின்றாராம். அவரை நாங்கள் பார்த்ததில்லை. அவரும் பூலம்மாளைப் பார்த்ததில்லை. இடையில் ஜாமீன் கேட்டுக் கிடைக்கவில்லை. கோயில்பிள்ளை சொன்னது ஏழு வருஷம் கழித்துப் பலித்தது. தீர்ப்பு வந்தபோது அவருக்குக் கண் மங்கிவிட்டது, மகன்தான் வாசித்தார். சாவு வீட்டைக் கழுவுவது அந்தப் பக்கத்து வழக்கம் என்று விசாரித்த ஜட்ஜ் எடுத்துக்கொண்டது நடக்கக்கூடியதுதான். இரண்டு காயமும் விழுந்து பட்டிருக்கலாம் என்பதும் நடக்கக்கூடியதுதான். வேறு விதமாகவும் பார்க்கலாம் என்பதற்காக விடுதலையை மாற்றியது தவறு. முதலில் சொன்னதே நிற்கும்.

“அப்ப அவ பண்ணலன்னு சொல்லியாச்சா தம்பி?” என்று கேட்டேன்.

அந்தத் தம்பி அப்பாவைப் பார்த்தார். கிழவர்தான் சொன்னார். “விட்டது சரின்னு சொல்லியாச்சும்மா. கோர்ட்டு அம்புட்டுத்தான் சொல்லும்.”

வெளியே வந்தவளுக்கு முன்பல் இரண்டு இல்லை. விரல் மட்டும் பழையபடிதான். வந்த மூன்றாம் நாளே என் தட்டை இழுத்துவைத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீடு ஓடு சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“மைனி, நீங்க ஒரு எட்டுப் பாவூர்சத்திரம் போயிட்டு வாங்க. நான் வந்தா கதவச் சாத்திருவா. நீங்க அவளுக்கு அத்த. ஒங்களுக்குச் சாத்த மாட்டா.”

போனேன். சாத்தவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். இடுப்பில் ஒரு பையன், ஒரு வயது இருக்கும். தளவாயின் நெற்றி அவனுக்கு. டில்லித் தீர்ப்பை எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அத்த, அந்தக் கோர்ட்டுலயும் பண்ணலன்னு சொல்லலியே. ரெண்டு மாதிரியும் பாக்கலாம்னுதான சொல்லிருக்கு. அப்ப நான் எந்த மாதிரி பாக்கட்டும்?”

அப்போதுதான் அவளுக்குச் செருப்புத் தடத்தைச் சொன்னேன். நசுங்கின இலை, கட்டம் கட்டமாக அச்சு, இழுத்துக்கொண்டு போன தடம், நான் வாரி வாருகாலில் போட்டது, எல்லாம். பையன் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் கையை விடுவித்தாள்.

“களுவச் சொன்னதும் நீங்கதானா?”

“நாந்தான்.”

“அந்த இன்ஸ்பெக்டர் கேட்டப்ப இதச் சொல்லிருக்கலாம்லா அத்த?”

“சொல்லிருக்கலாம்.”

“சொல்லிருந்தா நான் இத நம்பிருப்பேன். இப்ப நீங்க அம்மைக்காகச் சொல்லுதியளா, ஒங்களுக்காகச் சொல்லுதியளான்னு எனக்குத் தெரியல.”

மதுரையில் எழுதினதையேதான் அவளும் சொன்னாள். அவள் அதைப் படித்தவள்கூட இல்லை. காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ் ஏற்றிவிட வந்தாள், நான் ஏறும்வரை நின்றாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடந்ததை அப்படியே பூலம்மாளிடம் சொன்னேன். இனி எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “பையன் நடக்கானா?” என்று மட்டும் கேட்டாள். பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றேன்.

இப்போது பூலம்மாள் பாவூர்சத்திரத்தில் இருக்கிறாள். மகள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஓர் ஓட்டு அறையை வாடகைக்குப் பிடித்து, வேறொருத்தி பாஸ்புத்தகத்தில் பீடி சுற்றிக் கொடுக்கிறாள். போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் இன்னும் வரவில்லை.